ஒரு கடிதத்தை வாசிக்க ரெம்பாவ் போனோம்

கடந்த பருவ விடுமுறையின் முதல் சனிக்கிழமை. கே.எல். சென்ட்ரலில் நாங்கள் பதினோரு பேர் கொமுட்டர் ஏறினோம். பல்கலைக்கழக இந்து மாணவர் குழுவிலிருந்து ஏழு பேர், கத்தோலிக்க மாணவர் குழுவிலிருந்து நான்கு பேர். ஆளுக்கொரு பை, அதில் அரிசி, சமையல் எண்ணெய், மைலோ. பயணத்துக்கு 'சமயமும் சமூக நீதியும்' என்று தலைப்பு வைத்தவன் நான்தான். அதற்கு என்ன பொருள் என்று அன்று காலை யாராவது கேட்டிருந்தால் திணறியிருப்பேன்.

ரயிலில் இரண்டு மணி நேரம் பேச்சுதான். நான் வள்ளலாரிடமிருந்து தொடங்கினேன். 1867இல் வடலூரில் அவர் ஏற்றிய தருமச்சாலை அடுப்பு இன்றும் அணையவில்லை. நம் நாட்டில் சுவாமி சத்தியானந்தா 1949இல் சுத்த சமாஜத்தைத் தொடங்கினார். 1961இல் அவர் மறைந்த பிறகு அன்னை மங்களம் 2023இல் தாம் மறையும் வரை அதைக் கட்டிக் காத்தார். ஆதரவற்ற எத்தனையோ பிள்ளைகளுக்கு அது வீடானது.

எதிரே இருந்த கத்தோலிக்கத் தோழி கேட்டாள்: "பிள்ளைகளுக்கு வீடு கொடுப்பது சரி. பிள்ளைகள் ஏன் வீடில்லாமல் போனார்கள் என்று யார் கேட்பது?"

அவள் சி.எஃப். ஆண்ட்ரூஸைப் பற்றிச் சொன்னாள். ஆங்கிலிக்கன் பாதிரியார், காந்தியின் நண்பர். 1915இலும் 1917இலும் பிஜித் தீவுக்குப் போய், கரும்புத் தோட்டங்களில் இந்தியர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்து எழுதியவர். அங்கே ஒப்பந்தக் கூலி முறை 1920இல் ஒழிந்ததில் அந்த எழுத்துக்கும் பங்கு உண்டு. நம் நாட்டிலும் ஒருவரைச் சொன்னாள். 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்டோர் விசாரணையின்றித் தடுத்து வைக்கப்பட்டார்கள். அவர்களில் அரசியல்வாதிகளோடு லா சால் சபையின் பிரதர் அந்தோணி ரோஜர்ஸும் இருந்தார். கத்தோலிக்கத் திருச்சபையின் மனித மேம்பாட்டுப் பணியகத்தை நடத்தியவர். நான் பிறப்பதற்கு வெகு காலம் முன்பு நடந்த சங்கதி. எங்கள் வரலாற்றுப் பாடத்தில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

ரெம்பாவ் நிலையத்தில் இறங்கி, வேனில் பெடாஸ் பக்கம் உள்ள ஒரு தோட்டத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். பால்மரம் போய் செம்பனை வந்து பல காலமாகிவிட்டது. லயத்தில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். மாரியம்மன் கோயிலைச் சுற்றி ஒன்பது தமிழ்க் குடும்பங்கள் மட்டும் மிச்சம்.

முதல் வீட்டுப் பாட்டி அரிசிப் பையை வாங்கி ஓரமாக வைத்தார். உள்ளே போய், பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்த ஒரு காகிதத்தைக் கொண்டு வந்து நீட்டினார்.

"தம்பி, மொதல்ல இத படிச்சுச் சொல்லுய்யா. மூணு வாரமா சாமி படத்துக்குக் கீழ வச்சிருக்கேன்."

மலாய்க் கடிதம். தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி என்று இரண்டு மொழியிலும் படித்தவன் நான். தேர்வுக்கு எத்தனையோ கடிதம் எழுதியிருக்கிறேன். 'மெங்கோசோங்கான்' என்ற சொல்லில் என் கண் நின்றது. காலி செய்ய வேண்டும். அந்த மாதக் கடைசிக்குள். அதைத் தமிழில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தோழிதான் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

பாட்டி அழவில்லை. "அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

பதின்மூன்று வயதில் அம்மாவோடு பால் வெட்டப் போனவர். பெரட்டுக் களத்தில் நாற்பத்திரண்டு ஆண்டு பெயர் கொடுத்திருக்கிறார். 2011இல் ஓய்வு. குறைந்தபட்சச் சம்பளம் 900 ரிங்கிட் என்று தீபகற்பத்தில் நடைமுறைக்கு வந்தது 2013இல். இன்று அது 1,700. இரண்டுமே அவர் கைக்கு எட்டவில்லை. சேமநிதிப் பணம் மகளின் திருமணத்திலும் தாத்தாவின் மருத்துவத்திலும் கரைந்தது. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டுக்கும் உரிமை இல்லை. மகன் செம்போங் தொழிற்சாலைக்குப் போகிறார் என்பதால் தோட்டத்தின் கணக்கில் அவரும் வெளியாள்.

மதியம் கோயில் திண்ணையில் சாப்பிடும்போது இன்னொன்று உறைத்தது. ரெம்பாவ், அடாட் பெர்பாத்தே மண். இங்கே மலாய்க் குடும்பங்களின் மரபு நிலம் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். குலத்துக்கு வெளியே விற்க முடியாது. 1909இலேயே அதைக் காக்கத் தனிச் சட்டம் போட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நிலத்தின் சொந்தக்காரி பெண். இந்தப் பக்கம் பாட்டி, அவர் அம்மா, அம்மாவின் அம்மா என மூன்று தலைமுறைப் பெண்கள் மரம் வெட்டியும் ஒரு சாண் மண் இல்லை. நான் பொறாமையில் இதைச் சொல்லவில்லை. மண்ணை நம்பி வாழ்பவரை அந்த மண்ணிலிருந்து யாரும் எழுப்பிவிடக் கூடாது என்பதை இதே மாவட்டம் எப்போதோ புரிந்துகொண்டிருக்கிறது. வேலியைத் தாண்டித்தான் அது வரவில்லை.

மாலை நிகழ்ச்சி நிரலில் 'கூட்டுப் பிரார்த்தனை, கலந்துரையாடல்' என்று இருந்தது. பிரார்த்தனை ஐந்து நிமிடத்தில் முடிந்தது. பிறகு வீடு வீடாகப் போய்க் கேட்டோம். ஒன்பதில் ஆறு வீட்டுக்கு அதே கடிதம். ஒரு வீட்டில் அதைப் பிரிக்கவே இல்லை. எத்தனை ஆண்டு வேலை, எப்போது ஓய்வு, வீட்டில் எத்தனை பேர் என்று ஒரு நோட்டில் எழுதினோம். சட்டம் படிக்கும் ஒரே தோழர் இரண்டாம் ஆண்டு மாணவர். "எனக்குத் தெரிந்தது கொஞ்சம்தான், சிரம்பான் சட்ட உதவி அலுவலகத்தில் கேட்போம்" என்றார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது. மாற்று வீடும் கால அவகாசமும் கேட்டு, ஆறு குடும்பங்களும் சேர்ந்து அனுப்பும் பதில் கடிதத்தை நான் மலாயில் எழுதினேன். நான்கு முறை அடித்துத் திருத்தினேன். எந்தத் தேர்வுக்கும் இப்படி உழைத்ததில்லை.

கையெழுத்துப் போட மை வேண்டுமா, பெருவிரல் வைக்க வேண்டுமா என்று நான் கேட்டுவிட்டேன். பாட்டி என்னை ஒரு பார்வை பார்த்தார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவராம். பேனாவை வாங்கி, முழுப் பெயரையும் தமிழில், ஒரு புள்ளி விடாமல் எழுதினார்.

ஞாயிறு மாலை ரயிலில் யாரும் அதிகம் பேசவில்லை. பாட்டி கொடுத்தனுப்பிய மரவள்ளிக் கிழங்கு மடியில் சூடாக இருந்தது. வியாழக்கிழமை எனக்கு வகுப்பு இல்லை. சிரம்பானுக்கு மூன்று பேர் போகிறோம், பாட்டியும் வருகிறார்.