‘ஐ அக்ரி’: எதற்கு ஒப்புக்கொண்டோம்?

போனில் புதுச் செயலி ஒன்றை இறக்கியதும் ‘ஐ அக்ரி’ என்ற கட்டம் வந்து வழிமறிக்கும். தட்டினால்தான் உள்ளே போக முடியும். மேலே பக்கம் பக்கமாக ஓடும் நிபந்தனைகளைப் படிக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? பள்ளியில் படித்த ஆங்கில வினைச்சொற்களில், இன்று நம் பணத்தையும் அந்தரங்கத்தையும் அதிகம் தொடுவது இந்த ‘அக்ரி’தான்.

இலக்கணப்படி இந்தச் சொல்லுக்குத் துணை வேண்டும். ஒருவரின் கருத்தோடு ஒத்துப்போனால் ‘வித்’. ஒரு யோசனைக்கு இசைந்தால் ‘டு’. இரு தரப்பும் பேசி விலையையோ தேதியையோ முடிவுசெய்தால் ‘ஆன்’. யாரோடு, எதற்கு, எதில் என்பது அதில்தான் தெரியும். போன் திரையிலோ ‘ஐ அக்ரி’ மொட்டையாக நிற்கிறது. எதற்கு என்ற விவரமெல்லாம் யாரும் படிக்காத பக்கங்களில் கிடக்கிறது.

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. ஒரே விஷயத்தை ஒரே பொருளில் இருவரும் ஏற்றால்தான் சம்மதம் என்கிறது 13-வது பிரிவு. மிரட்டியோ ஏமாற்றியோ வாங்கியது சுதந்திரமான சம்மதம் ஆகாது என்கிறது அடுத்த பிரிவு.

2023-ல் வந்த தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஓர் உதாரணமே தருகிறது. போன் வழியே மருத்துவ ஆலோசனை தரும் செயலி, நம்மிடம் உள்ள தொடர்பு எண்களையும் கேட்கிறது. நாமும் சரி என்கிறோம். ஆலோசனைக்கு அந்த எண்கள் தேவையில்லை, எனவே சம்மதம் அதுவரை நீளாது. கடன் செயலிகள் தொடர்பு எண்களையும் அழைப்புப் பட்டியலையும் தொடக் கூடாது என்று 2022-லேயே ரிசர்வ் வங்கி விதி வகுத்துவிட்டது.

இவ்வளவு இருந்தும் மனதை உறுத்துவது ஒன்று உண்டு. நம் வீடுகளில் பெரியவர்களின் போனில் ‘ஐ அக்ரி’யைத் தட்டுவது அவர்கள் அல்ல, பேரன் பேத்திகள். “இது என்னப்பா கேக்குது?” என்று பாட்டி கேட்பதற்குள் அடுத்த திரை வந்துவிடுகிறது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களின் தரவுக்குப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது புதுச் சட்டம். வீட்டிலோ பிள்ளைகள்தான் பெரியவர்களுக்காகச் சம்மதம் தருகிறார்கள். வங்கிக் கணக்கு பாட்டியுடையது, சம்மதித்த விரல் வேறொருவருடையது.

மருத்துவமனையில் இது செல்லாது. மயக்கத்தில் இருந்த பெண்ணுக்குப் பதிலாக அவருடைய தாய் ஒப்புதல் தந்த வழக்கில், வயதுவந்த மகளுக்காகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று 2008-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பரிசோதனைக்குத் தந்த சம்மதம் கருப்பையை அகற்றத் தந்த சம்மதம் ஆகாது என்றும் சொன்னது. அது சிகிச்சை பற்றிய தீர்ப்பு. ஆனால் பெற்ற தாய்க்கே இல்லாத உரிமையைப் பேரனின் அவசரத்துக்கு எப்படிக் கொடுப்பது?

ஒவ்வொரு தகவலுக்கும் தனித்தனியே சம்மதம் கேட்டால் சேவை தாமதமாகும் என்கிறார்கள் செயலி நடத்துபவர்கள். இருக்கட்டும், பாட்டியின் சேமிப்பைவிட அந்த அரை நிமிடம் பெரிதல்ல.

சம்மதக் கோரிக்கையை ஆங்கிலத்திலோ அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படிக்க வழிசெய்ய வேண்டும் என்கிறது 2023-ம் ஆண்டுச் சட்டம். அவற்றில் தமிழும் உண்டு. தந்த சம்மதத்தை, தந்த அளவுக்கே எளிதாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. இந்தப் பிரிவுகள் நடைமுறைக்கு வர 18 மாத அவகாசம் தரப்பட்டது.

அதுவரை வீட்டில் ஒரு பழக்கம் போதும். பாட்டிக்கு வாசித்துக்காட்டாமல் பேரன் எதையும் தட்டக் கூடாது. செயலிகளும் ‘ஐ அக்ரி’யை விட்டுவிட்டு, ‘என் தொடர்பு எண்களைப் பார்க்க ஒப்புக்கொள்கிறேன்’ என்று பொத்தானிலேயே தமிழில் எழுதட்டும். அதைப் படித்த பிறகு எத்தனை பேர் தட்டுகிறார்களோ, அத்தனை பேர்தான் உண்மையில் ஒப்புக்கொண்டவர்கள்.