வால்வோடு வாழ்தல் – 9: அடுப்படியில் காவல், மருந்துக்கடையில் அசட்டை

உலோக வால்வு பொருத்தி வீடு திரும்பியதுமே முதல் தடை கீரைக்குத்தான் விழுகிறது. "முருங்கைக்கீரை பக்கமே போகாதே, ரத்தம் உறைஞ்சிடும்" என்று பக்கத்து வீட்டு அக்காவரை சொல்லிவிடுவார்கள். இப்படி அடுப்படியில் காவல் நிற்கிற குடும்பம், மெடிக்கல் ஷாப் விஷயத்தில் அசந்துவிடுகிறது. ஆபத்து அதிகம் அங்கேதான்.

முதலில் கீரை. வால்வின்மேல் ரத்தம் கட்டியாகாமலிருக்க வார்ஃபரினோ, நம் ஊர் டாக்டர்கள் அதிகம் எழுதும் அசிட்ரோமோ ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டும். (வார்ஃபரின் 1948-இல் எலி மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. யாராவது அதைச் சொல்லி மிரட்டினால், ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மாத்திரையைப் போட்டுக்கொள்ளுங்கள்.) ரத்தம் உறையத் தேவையான சில புரதங்களைக் கல்லீரல் வைட்டமின் கே-யை வைத்துத் தயாரிக்கிறது, மாத்திரை அதை மட்டுப்படுத்துகிறது. கீரையில் அந்த வைட்டமின் ஏராளம். வழக்கமில்லாமல் ஒரு வாரம் தினமும் சாப்பிட்டால் மாத்திரையின் வலு குறையும். தினமும் சாப்பிட்டவர் சட்டென நிறுத்தினாலோ ரத்தக்கசிவுக்கு வழி. வாரம் இரண்டு நாள் கீரை உண்டு என்றால் அப்படியே தொடருங்கள். டாக்டர் அதற்கேற்ப அளவு வைப்பார். சபரிமலைக்கு மாலை போட்டுச் சாப்பாட்டையே மாற்றுகிறவர்கள் இடையில் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் சோதனை) பார்த்துக்கொள்வது நல்லது.

ஐ.என்.ஆர். சாதாரணமாக 1-ஐ ஒட்டியிருக்கும். பெருந்தமனி வால்வு மாற்றியவர்களுக்குப் பொதுவாக 2 முதல் 3, மைட்ரல் வால்வு என்றால் 2.5 முதல் 3.5. உங்கள் எல்லை எது என்று டாக்டரிடம் கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

இனி கடைக்கு வருவோம். மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக், வயிற்றுப்போக்குக்கு மெட்ரோனிடசோல் என்று கேட்டு வாங்குவது நமக்குப் பழக்கம். முன்னது வயிற்றில் ரத்தம் கசிய வைக்கும், பின்னது ஐ.என்.ஆரை எகிற வைக்கும். காய்ச்சலுக்கு இடுப்பில் ஊசி போட்டால் தசைக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளலாம். நாட்டு மருந்தும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். பல் பிடுங்க வேண்டுமா? மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்; முன்கூட்டியே போட வேண்டிய ஆன்டிபயாட்டிக் பற்றி இதய டாக்டரைக் கேளுங்கள். தலையில் அடிபட்டாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ வீட்டில் காத்திருக்கக் கூடாது.

வெளியே அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. நம் நாட்டில் ருமாட்டிக் காய்ச்சலால் வால்வு கெட்டவர்களில் இளம்பெண்கள் நிறைய. கல்யாணமாகி நாள் தள்ளிப்போன பிறகுதான் மாத்திரையின் நினைவு வருகிறது. கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் வார்ஃபரின் சிசுவைப் பாதிக்கலாம். அதற்குப் பயந்து அந்தப் பெண்ணே நிறுத்திவிட்டால் வால்வு அடைபட்டு அவள் உயிருக்கே ஆபத்து. ஹெப்பாரின் ஊசிக்கு மாறுவதா, குறைந்த அளவில் மாத்திரையைத் தொடர்வதா என்பதைக் கருத்தரிக்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும். கணவரும் மாமியாரும் அந்த ஆலோசனைக்கு உடன் போவது, கீரைக்குக் காவல் நிற்பதைவிட ஆயிரம் மடங்கு உபயோகம்.

உலோக வால்வின் 'டிக்' ஓசை ராத்திரி அமைதியில் பக்கத்தில் படுப்பவருக்கும் கேட்கும். பழகிய அந்த ஓசை மழுங்கி, மூச்சும் திணறினால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சித்ரா வால்வு வைத்தவர்கள் ஓசை கேட்கவில்லையே என்று கலங்க வேண்டியதில்லை. திருவனந்தபுரத்தில் டாக்டர் வலியத்தான் குழு உருவாக்கி, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்திய அந்த வால்வின் தட்டு பிளாஸ்டிக்கால் ஆனது, சத்தம் குறைவு.

ஒருவேளை மாத்திரை தவறினால், அன்றைக்குள் நினைவு வந்தால் போடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது. நோட்டில் குறித்துவைத்து, அடுத்த பரிசோதனையில் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அடுத்த வாரம், டிஷ்யூ வால்வு யாருக்கு?

(தொடரும்)