களவும் கற்றலும்

நுழையும்முன்

வீட்டு நாய் உணவைத் திருடுவது பல குடும்பங்களில் சிரிப்பில் தொடங்கிச் சினத்தில் முடிகிறது. அடியும் சங்கிலியும் அதற்குரிய மருந்துகளாகக் கருதப்படுகின்றன. அவையும் பயன் தராதபோது, அன்போடு வளர்த்த நாயைத் தெருவில் விட்டுவிடுவோரும் உண்டு. நாய் ஏன் உணவை எடுக்கிறது, அப்பழக்கத்தை எவ்வாறு மாற்றலாம் என்பனவற்றை விலங்கு நடத்தையியல் துணைகொண்டு விளக்குகிறது இப்பாடம்.

உணவால் அமைந்த உறவு

நாய் மனிதரோடு வாழத் தொடங்கிக் குறைந்தது 15,000 ஆண்டுகள் ஆகின்றன. மனிதர் உண்டு எறிந்த மிச்சத்தை நாடி வந்த ஓநாய்களே காலப்போக்கில் நாய்களாயின என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. 2013ஆம் ஆண்டு வெளியான மரபணு ஆய்வொன்று இவ்வுறவின் ஆழத்தைக் காட்டியது. மாவுப்பொருளைச் செரிக்க உதவும் அமைலேசு நொதிக்குரிய மரபணு, ஓநாய்களில் இரண்டு படிகளாகவே உள்ளது. நாய்களிலோ அது பல படிகளாகப் பெருகியுள்ளது. மனிதரின் உணவை உண்பதற்கேற்ப நாயின் உடலே மாறியிருக்கிறது என்பது இதன் பொருள்.

மோப்பத்திறன் இதற்கு மேலும் துணைநிற்கிறது. மனித மூக்கில் ஏறத்தாழ 60 இலட்சம் மோப்ப உணர்விகள் உள்ளன. நாயின் மூக்கில் அவை பல கோடியாகும். மூடிவைத்த குழம்பின் மணம் நமக்கு மறைந்துபோகலாம், நாய்க்கு மறைவதில்லை.

குற்றமும் குற்ற உணர்வும்

திருட்டு என்பது உடைமை என்னும் கருத்திலிருந்து பிறந்த சொல். காவலின்றிக் கிடக்கும் உணவு பிறருடையது என்று நாய் எண்ணுவதாகக் கொள்ள இடமில்லை. ஆனால், தன்னை மனிதர் கவனிக்கின்றனரா என்பதை அது நன்கு அறியும். யூலியானே காமின்ஸ்கியும் அவர்தம் குழுவினரும் 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், தடுக்கப்பட்ட உணவை நாய்கள் வெளிச்சத்தைவிட இருளில் மிகுதியாக எடுத்தன. அடிக்கு அஞ்சும் நாய், ‘ஆள் இருக்கும்போது எடுக்கக்கூடாது’ என்பதை மட்டுமே கற்றுக்கொள்கிறது என்பதை இதிலிருந்து உணரலாம்.

நாய் தலைகுனிந்து நிற்பதைக் கண்டு, ‘தவற்றை உணர்ந்துவிட்டது’ என மகிழ்வதும் பொருந்தாது. அலெக்சாண்ட்ரா ஹோரோவிட்ஸ் 2009ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், உணவை எடுக்காத நாய்களும் உரிமையாளர் கடிந்துகொண்டபோது அத்தகைய முகத்தையே காட்டின. நாம் குற்ற உணர்வென எண்ணுவது, நம் சினத்திற்கு நாய் காட்டும் எதிர்வினையே ஆகும். உணவு காணாமற்போய் ஒருமணி நேரத்திற்குப் பின் விழும் அடியை, நாயால் முன்பு தான் செய்த செயலோடு இணைத்துப் பார்க்க இயலாது.

வெற்றியே ஆசான்

நிறைவு தரும் செயல் மீண்டும் செய்யப்படும் என்பதை, 1898ஆம் ஆண்டு தாம் வெளியிட்ட ஆய்வில் எட்வர்டு தார்ண்டைக் பூனைகளைக் கொண்டு விளக்கினார். எப்போதாவது மட்டும் பரிசு கிடைக்கும் பழக்கமே எளிதில் மறையாதது என்பதைப் பின்னர் ஸ்கின்னரின் ஆய்வுகள் காட்டின. பத்துமுறை மேடையை எட்டிப் பார்த்த நாய்க்கு ஒருமுறை ஒரு தோசை கிடைத்தால் போதும். பதினோராவது முறையும் அது எட்டிப் பார்க்கும். வீட்டில் எல்லாரும் மறுக்க, ஒருவர் மட்டும் தம் தட்டிலிருந்து ஒரு கவளம் ஊட்டினாலும் இதுவே நிகழும். எனவே, குடும்பத்தார் அனைவரும் ஒரே நெறியைப் பின்பற்றுதல் இன்றியமையாதது.

வாய்ப்பை அகற்றுதல்

நாய்க்குக் கிடைக்கும் வெற்றியைத் தடுப்பதே முதற்படி. சமைத்த உணவை நிலையடுக்கினுள் வைத்தல், குப்பைக்கூடையை இறுக மூடுதல், அடுக்களைக் கதவைச் சாத்துதல் ஆகியன எளிய வழிகள். தரையில் அமர்ந்து உண்ணும் வீடுகளில், தட்டை அப்படியே விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கச் செல்லும் ஒரு நிமிடமே நாய்க்குப் போதுமானது.

பழக்கம் மறையும்முன் சில நாள்கள் முயற்சி வலுக்கக்கூடும். நாய் மேலும் குரைக்கும், மேலும் தாவும். அவ்வேளையில் மனமிரங்கி உணவளித்தால், விடாமுயற்சிக்கே பரிசளித்ததாகிவிடும்.

மாற்றுப் பழக்கம்

தடுத்தல் மட்டும் போதாது. செய்யத்தக்கது எது என்பதையும் கற்பிக்க வேண்டும். மூடிய கைக்குள் சிறிது உணவை வைத்து நாயிடம் நீட்டி, ‘விடு’ எனச் சொல்ல வேண்டும். அது முகர்வதையும் பிறாண்டுவதையும் நிறுத்தி முகத்தை விலக்கும் நொடியில், மறுகையிலிருந்து சுவையான வேறோர் உணவைக் கொடுக்க வேண்டும். இது பழகியபின் திறந்த கையிலும், பின்னர்த் தரையிலும் உணவை வைத்துப் பயிற்றலாம். குடும்பத்தார் உண்ணும்போது ஒரு பாயில் படுத்திருக்கவும் இவ்வாறே பழக்கலாம். பயிற்சி நேரம் ஐந்து நிமிடங்களைத் தாண்ட வேண்டியதில்லை. நாள்தோறும் தொடர்தலே முதன்மையானது.

பசியும் சோர்வும் கவனிக்கத்தக்கவை. வேளை தவறாது போதிய உணவளித்தல் வேண்டும். இராசபாளையம், சிப்பிப்பாறை முதலிய வேட்டை மரபு நாய்களுக்கு ஓட்டமும் தேவை. நாயின் பசி திடீரெனப் பெருகினால், குடற்புழுவோ நீரிழிவோ காரணமாகலாம். கால்நடை மருத்துவரை அணுகுதல் நன்று.

தெரிந்து தெளிவோம்

சாக்லேட்டிலுள்ள தியோபுரோமின் நாயின் இதயத்தையும் நரம்பு மண்டலத்தையும் தாக்கும். பாயசத்தில் இடும் உலர்திராட்சை சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யலாம். வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். இனிப்பூட்டியாகப் பயன்படும் சைலிட்டால் இரத்தச் சர்க்கரையை வெகுவாகக் குறைக்கும். வெந்த கோழி எலும்பு சிம்பாகப் பிளந்து குடலைக் குத்தும். இவற்றை நாய் உண்டது தெரிந்தால், அறிகுறி தோன்றும்வரை காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.

பறித்தலும் பண்டமாற்றும்

வாயில் கவ்விய உணவைப் பறிக்க முயல்வது ஆபத்தானது. குழந்தைகள் கடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணமாகிறது. அதனினும் சுவையான ஒன்றைச் சற்றுத் தொலைவில் இட்டால், நாய் தானே கவ்வியதை விட்டுவிடும். பறிகொடுத்துப் பழகிய நாய் எடுத்ததை அவசரமாக விழுங்கக் கற்கிறது. பண்டமாற்றில் பழகிய நாயோ விட்டுக்கொடுக்கக் கற்கிறது.

விலங்குகளை அடித்துத் துன்புறுத்துவதும், வளர்ப்பவர் போதிய உணவு தராதிருப்பதும் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். சட்டத்திற்கு அஞ்சுவதைவிட, நாயின் இயல்பை அறிந்து நடப்பதே மேலானது. ‘களவும் கற்று மற’ என்பது நம் முதுமொழி. நாய் களவைத் தானே கற்றுக்கொள்கிறது; அதனை மறக்கச் செய்யும் பொறுப்பு, உணவைத் திறந்து வைத்த நம்முடையதே.