இயந்திரம் எழுதும் நிரலும் மனிதர் ஆளுகையும்

இரு நிறுவனங்கள் தம்முட் கொடுக்கல் வாங்கல் செய்யுமிடத்து, அவற்றின் பத்திரங்கள் ஒரே வடிவில் அமைதல் அரிது. ஒன்று பெயரை ஒரே புலத்தில் அடக்க, மற்றொன்று அதனை இரண்டாகப் பிரிக்கும். இவ்வேற்றுமை நீங்கப் பத்திரங்களை வடிவு மாற்றுதல் கணினித் துறையின் இன்றியமையாப் பணிகளுள் ஒன்றாகும்.

இப்பணிக்கு மூன்று தரங்கள் அடிப்படையாயுள்ளன. தரவுகளை அடையாளக் குறிகளுக்கிடையே எழுதும் எக்ஸ்.எம்.எல். முறையை டபிள்யூ-3-சி அமைப்பு 1998 ஆம் ஆண்டில் வெளியிட்டது. அம்முறையில் அமைந்த பத்திரத்தை வேறு வடிவினதாக மாற்றும் எக்ஸ்.எஸ்.எல்.ரி. மொழி 1999 இல் வெளிவந்தது. எவ்வுறுப்புகள், எவ்வொழுங்கில், எத்தனை முறை வரலாம் என்பதை வரையறுக்கும் ஸ்கீமா 2001 இல் தரமாயிற்று.

எக்ஸ்.எஸ்.எல்.ரி. நிரலைக் கையால் எழுதுதல் காலத்தையும் பொறுமையையும் வேண்டுவது. ஆதலின், கோடு வரைந்து நிரல் பெறும் கருவிகள் தோன்றின. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பிஸ்ரோக் சேவரில் அமைந்த மப்பர் அவற்றுள் ஒன்று. திரையின் இடப்புறத்தே மூல ஸ்கீமாவும் வலப்புறத்தே இலக்கு ஸ்கீமாவும் மரம்போற் கிளைத்துத் தோன்றும். இடையே இழுக்கும் கோடுகளைக் கருவி நிரலாக்கும். பலமுறை வரும் உறுப்புகள் இணைக்கப்படின், ஒவ்வொன்றையும் எடுத்துச் செயற்படுத்தும் போர்-ஈச் கட்டளையையும் தானே இடும்.

எனினும், கருவி அறிவது ஸ்கீமாவையே, பத்திரத்தின் கருத்தையன்று. மூலத்தில் எழுத்துச் சரமாக வரையறுக்கப்பட்ட ஒரு திகதிப் புலம் வெறுமையாக வரலாம். அங்கு அது பிழையன்று. அதனை இலக்கின் திகதிப் புலத்தோடு நேரே இணைத்தால் ஆங்கும் வெற்றுறுப்பே தோன்றும். வெற்றிடம் ஸ்கீமா விதிப்படி திகதியாகாமையின், அப்பத்திரம் சோதனையில் தவறிவிடும். இன்னும், கலந்து வரும் விற்பனை வரிகளை வாடிக்கையாளர் வாரியாகத் தொகுத்தல் எளிய கோடுகளால் இயலுவதன்று. எக்ஸ்.எஸ்.எல்.ரி. முதற் பதிப்பில் தொகுத்தற்குரிய கட்டளை இல்லை. ஸ்ரீவ் மியூன்ச் என்பவர் பெயரால் வழங்கும் திறவுச் சுட்டு முறையே அதற்குக் கைகொடுத்தது. தொகுத்தற் கட்டளை 2007 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பிலேயே சேர்ந்தது.

இவ்விடங்களில் நிரலை ஆளுதற்கு மூன்று படிகள் உள. முதலாவது, கோடுகளின் பண்புகளை மாற்றியும், நிபந்தனை விதிக்கும் சிறு செயற்கூறுகளை இடையிற் பொருத்தியும் கருவியின் போக்கைத் திருத்துதல். வெறுந் திகதியை விலக்க இதுவே போதும். இரண்டாவது, வேண்டிய ஓரிடத்தில் மட்டும் கையால் எழுதிய நிரற் பகுதியைச் செருகுதல். தொகுத்தலுக்கு இது பொருந்தும். மூன்றாவது, நிரல் முழுவதையும் தனிக் கோப்பாக எழுதி, அதன் இருப்பிடத்தைக் கருவிக்குக் காட்டுதல்.

மூன்றாம் படி பெருஞ் சுதந்திரம் தருவது. ஆயினும் அதனுள் ஓர் இடரும் உண்டு. தனிக் கோப்பைக் காட்டியபின், திரையிலுள்ள கோடுகள் பயனற்றுப் போகும். பின்னர் பொறுப்பேற்கும் ஒருவர் அக்கோடுகளை நம்பித் திருத்துவாராயின், திரை மாறும், விளைவு மாறாது. ஆகவே, அப்படியை மேற்கொள்வோர் பயனற்ற கோடுகளை அகற்றிவிடுதலும், மெய்யான நிரல் எதுவென எழுதி வைத்தலும் கடமையாகும்.

எனவே, காரியத்திற்குப் போதுமான மிகத் தாழ்ந்த படியைத் தெரிதலே அறிவுடைமை. எப்படியைத் தெரியினும், நிறைவான பத்திரம், வெறும் புலமுள்ள பத்திரம், ஒரே வரியுள்ள பத்திரம், பல வரியுள்ள பத்திரம் ஆகியவற்றைச் செலுத்தி, விளைவை இலக்கு ஸ்கீமாவோடு ஒப்புநோக்கல் வேண்டும். ஸ்கீமா வடிவத்தையே சோதிக்கும். தொகையும் பெயரும் உரிய இடத்தில் அமைந்தனவா என்பதை மனிதர் கண்ணே காணவேண்டும். எழுதும் உழைப்பை இயந்திரம் ஏற்கலாம். எழுதியதற்குரிய பொறுப்பு மனிதரிடமே எஞ்சி நிற்கும்.