“ஆர்டர் இல்லீங்க, கூப்பிடறோம்”: வேலை போனவருக்கு இ.எஸ்.ஐ. தரும் 90 நாள் பணம் ஏன் இழுக்கிறது?

பீளமேடு, கணபதி பக்கம் பம்ப்செட் கம்பெனியிலோ பவுண்டரியிலோ வேலை பார்ப்பவர்களுக்கு இந்த வாசகம் பழக்கம்தான். “இப்போ ஆர்டர் இல்லீங்க, வந்ததும் கூப்பிடறோம்.” வேலையை விட்டு நிறுத்தியதாக யாரும் சொல்ல மாட்டார்கள். லெட்டரும் கிடையாது. மாதம் முடிந்தால் சம்பளமும் கிடையாது.

இப்படி வேலை போனவர்களுக்கு இ.எஸ்.ஐ.யில் ஒரு பணம் இருக்கிறது. பிடித்தம் செய்யும் காசுக்கு மாத்திரையும் சிங்காநல்லூர் ஆஸ்பத்திரியும் மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இன்னமும் நிறைய. விஷயம் தெரிந்து விண்ணப்பித்தவர்களிலும் பலர் மாதக்கணக்கில் ‘பெண்டிங்’ என்ற ஒரே வார்த்தையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள்.

என்ன திட்டம் இது?

பெயர் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. (தமிழ்ப் பெயர் வைத்திருந்தால் பாதிப் பேருக்குப் புரிந்திருக்கும்.) 2018 ஜூலை 1-ல் சோதனைத் திட்டமாக ஆரம்பித்தது. அப்போது சராசரி தினச் சம்பளத்தில் 25 சதவீதம்தான் கொடுத்தார்கள். 2020-ல் கொரோனாவில் வேலை போனவர்களுக்காக அதை 50 சதவீதம் ஆக்கினார்கள். 90 நாள் காத்திருந்து விண்ணப்பிக்க வேண்டும் என்பது 30 நாள் ஆனது. அதைவிட முக்கியமான மாற்றம், கம்பெனி வழியாகப் போகாமல் நேராக இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கே விண்ணப்பிக்கலாம் என்பது. அதன் பிறகு காலக்கெடு வைத்து வைத்து நீட்டித்து வருகிறார்கள். எனவே உங்கள் வேலை போன தேதி நீட்டிப்புக் காலத்துக்குள் வருகிறதா என்று கிளை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வேலையை ஆரம்பியுங்கள்.

வாழ்நாளில் மொத்தம் 90 நாளுக்குத்தான் இந்தப் பணம். வேலை போவதற்கு முன் குறைந்தது 2 வருடம் இ.எஸ்.ஐ.யில் இருந்திருக்க வேண்டும். இ.எஸ்.ஐ. கணக்கில் வருடம் இரண்டு பாதி: ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். வேலை போவதற்கு முந்தைய பாதியில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். அதற்கு முந்தைய மூன்று பாதிகளில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்கள், ஓய்வு பெற்றவர்கள், விருப்ப ஓய்வில் போனவர்களுக்குக் கிடையாது. “ராஜினாமா லெட்டர் எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, செட்டில்மென்ட் பண்ணிடறோம்” என்று சொன்னால் கையெழுத்துப் போடுவதற்கு முன் இதை யோசித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு வரும்?

இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். கடைசி மாதச் சம்பளத்தில் பாதி என்று கணக்குப் போடக் கூடாது. கடைசி நான்கு பாதிகளில், அதாவது 2 வருடத்தில், இ.எஸ்.ஐ.க்குக் காட்டிய மொத்தச் சம்பளத்தை 730 ஆல் வகுப்பார்கள். அதில் பாதிதான் ஒரு நாள் தொகை.

மாதம் 15,000 ரூபாய் சம்பளம், 24 மாதமும் ஒழுங்காகக் காட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 3,60,000. ஒரு நாளைக்குச் சுமார் 493 ரூபாய், அதில் பாதி 246. 90 நாளுக்கு ஏறக்குறைய 22,190 ரூபாய் வரும். அதே ஆளுக்குக் கம்பெனி 16 மாதம்தான் காட்டியிருக்கிறது, மற்ற மாதங்களில் வவுச்சரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கையில் கொடுத்துவிட்டது என்றால்? வகுக்கும் எண் அதே 730தான். தொகை 14,800 சுமாருக்கு இறங்கிவிடும். காட்டாமல் விட்ட மாதங்கள் எல்லாம் உங்கள் கணக்கில் பூஜ்யம்.

சரி, ஏன் தாமதம்?

முதல் காரணம் அந்தக் ‘கூப்பிடறோம்’தான். ஒவ்வொரு மாதமும் கம்பெனி இ.எஸ்.ஐ. போர்ட்டலில் கணக்குத் தாக்கல் செய்யும். உங்களுக்கு வேலை நாள் பூஜ்யம் என்றால், ஏன் என்று ஒரு காரணத்தைத் தேர்வு செய்ய வேண்டும். லீவு, வேலையை விட்டுவிட்டார், ஆட்குறைப்பு, வேலை இல்லை, காரணம் இல்லை என்று பட்டியலே இருக்கிறது. கடைசி வேலை நாளும் அங்கேதான் பதிவாகும். கணக்குப் பார்ப்பவர் அவசரத்தில் ‘லீவு’ என்று போட்டுவிட்டால் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள். வேலையில் இருப்பவருக்கு வேலையின்மைப் பணம் எப்படி வரும்? பி.எஃப்.பில் வெளியேறிய தேதியை உறுப்பினரே பதிவு செய்ய வழி இருக்கிறது. இங்கே கம்பெனியின் மாதக் கணக்கைத்தான் பார்ப்பார்கள். அதனால் வேலை நின்றதும் ஹெச்.ஆரிடமோ கணக்குப் பார்ப்பவரிடமோ கேட்க வேண்டியது இதுதான்: “என் கடைசி நாளை என்னன்னு போட்டிருக்கீங்க, காரணம் எதைப் போட்டிருக்கீங்க?” வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் கேளுங்கள்.

இரண்டாவது, ஒரே ஆளுக்கு இரண்டு ஐ.பி. நம்பர். புதுக் கம்பெனியில் சேரும்போது பழைய நம்பரைச் சொல்லாமல் விட்டால் அவர்கள் புதிதாக ஒன்று போட்டுவிடுவார்கள். சந்தா இரண்டாகப் பிரிந்துபோய், எந்த நம்பரிலும் 2 வருடம் தேறாது. ஜாப் ஆர்டர் யூனிட்களில் ஆறு மாதத்துக்கு ஒரு இடம் மாறுபவர்களுக்கு இது சகஜம். இரண்டையும் ஒன்றாக்கக் கிளை அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். கிளெய்ம் போட்ட பிறகு கொடுத்தால் அது வேறு, இது வேறு என்று இரண்டும் நிற்கும். முதலில் இதை முடித்துவிடுங்கள்.

பெயர்ச் சிக்கல் தனிக் கதை. நம்ம ஊரில் ஆதாரில் இனிஷியல் முன்னால் இருக்கும், பாஸ்புக்கில் அப்பா பெயர் முழுசாகப் பின்னால் இருக்கும். வட இந்தியப் பெயர் வழக்கத்துக்கு எழுதிய சாஃப்ட்வேருக்கு இரண்டும் வேறு வேறு ஆள். வங்கிக் கணக்கும் கவனிக்க வேண்டியதுதான். லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டி.பி.எஸ். வங்கியோடு இணைந்தது. அந்தப் பழைய ஐ.எஃப்.எஸ்.சி. எண்ணை இன்னும் மாற்றாதவர்கள் கொங்குப் பக்கம் இருக்கத்தான் செய்வார்கள்.

இன்னொன்று: ‘அஃபிடவிட் வேணும், பத்திரம் வாங்கிட்டு வாங்க’ என்று யாராவது சொன்னால், அந்த நிபந்தனையை 2020 நவம்பரிலேயே நீக்கிவிட்டார்கள் என்று சொல்லுங்கள். ஆன்லைனில் ஆவணங்களை ஸ்கேன் செய்து ஏற்றிவிட்டால் காகிதமாகக் கொண்டுபோய்க் கொடுக்கவும் தேவையில்லை. ஏற்றவில்லை என்றால் மட்டும் பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு ஆவணங்களோடு கொடுக்க வேண்டும்.

மில் நின்றால்?

ஆலை மூடல், ஆட்குறைப்பு என்றால் இன்னொரு பெரிய திட்டம் இருக்கிறது. ராஜீவ் காந்தி ஷ்ரமிக் கல்யாண் யோஜனா, 2005 ஏப்ரல் முதல் நடப்பது. முதல் 12 மாதம் சம்பளத்தில் 50 சதவீதம், அடுத்த 12 மாதம் 25 சதவீதம். ஆனால் சட்டப்படி மூடியிருக்க வேண்டும். கோவையில் இதன் அர்த்தம் என்ன என்பதற்கு என்.டி.சி. மில்களைப் பார்த்தால் போதும். 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற மிஷின்கள். பீளமேடு ரங்கவிலாஸ் மில்லும் அதில் ஒன்று. திறக்கச் சொல்லித் தொழிலாளர்கள் வருடக்கணக்கில் போராடினார்கள். நின்றுபோன மில் வேறு, சட்டம் சொல்லும் ‘மூடிய’ மில் வேறு.

இதையும் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தமிழக அரசு தரும் உதவித்தொகையையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது படித்துப் பதிந்துவிட்டு 5 வருடம் வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கானது.

யாரிடம் கேட்பது?

கிளெய்ம் போடுவதற்கு முன்பே உமங் ஆப்பிலோ இ.எஸ்.ஐ.சி. போர்ட்டலிலோ உங்கள் ஐ.பி. நம்பரைக் கொடுத்து மாதவாரியாகச் சந்தாவைப் பாருங்கள். விடுபட்ட மாதம் இருந்தால் சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட்டோடு கிளை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். காண்ட்ராக்டர் கட்டவில்லை என்றால் அவரை வைத்து வேலை வாங்கிய கம்பெனிதான் பொறுப்பு.

கிளையில் அசையவில்லை என்றால் திருச்சி ரோடு ராமநாதபுரத்தில் உள்ள துணை மண்டல அலுவலகம். மாதந்தோறும் ‘சுவிதா சமாகம்’ என்ற குறைதீர் கூட்டம் உண்டு, தேதியைக் கேட்டுக்கொண்டு நேரில் போகலாம். இலவச எண் 1800-11-2526. எதற்கும் பதில் வராவிட்டால் மத்திய அரசின் பொதுக் குறைதீர் போர்ட்டலில் புகார் பதிந்து அந்த எண்ணை வைத்துக்கொள்ளுங்கள்.

இடையில் வேறு வேலை கிடைத்தால் கிளெய்ம் வீணாகாது. சேர்ந்த தேதிக்கு முந்தைய நாட்களுக்கான பணம் உண்டு. ஆனால் வேலை போன தேதியில் இருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும். ‘கூப்பிடறோம்’ என்றவர்கள் இன்னும் கூப்பிடவில்லை என்பதற்காக அந்த ஒரு வருடம் நிற்காது.