பழைய மென்பொருளில் மின்னஞ்சல் நின்றுவிட்டதா?

மாதந்தோறும் நாங்கள் அனுப்பும் கணக்கு அறிக்கை திடீரென்று தங்கள் கணினிக்கு வராமல் போகலாம். அங்குள்ள பழைய அஞ்சல் மென்பொருளை மின்னஞ்சல் நிறுவனம் ஏற்க மறுத்திருப்பதும் அதற்குக் காரணமாகலாம்.

முன்பு பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் மென்பொருளில் ஒருமுறை பதிந்தால் போதுமானதாக இருந்தது. அக்கடவுச்சொல் திருடப்பட்டால் கணக்கு முழுவதும் பறிபோகும். ஆகவே தனிநபர் கணக்குகளில் இம்முறையைக் கூகுள் 2022 மே 30 முதலும், மைக்ரோசாஃப்ட் 2024 செப்டம்பர் 16 முதலும் விலக்கிக்கொண்டன.

இதனால் அஞ்சல்கள் அழிவதில்லை. இணைய உலாவியில் ஜிமெயில் அல்லது அவுட்லுக் தளத்தைத் திறந்தால் புதிய அஞ்சல்களைக் காணலாம். மென்பொருளைப் புதுப்பித்து, கணக்கை மீண்டும் இணைத்து, அந்நிறுவனத்தின் பக்கத்திலேயே உள்நுழைந்து அனுமதியளிப்பதே சிறந்த வழி. அவ்வசதியற்ற மென்பொருளாயின், ஜிமெயிலில் இருபடிச் சரிபார்ப்பை இயக்கியபின் 16 எழுத்துகள் கொண்ட தனிக் கடவுச்சொல்லை அதற்கெனப் பெறலாம். பழைய மென்பொருளை நீக்குமுன், கணினியில் மட்டுமே உள்ள அஞ்சல்களைப் படியெடுத்து வைக்கவும்.

இத்தருணத்தை மோசடியாளர்களும் பயன்படுத்திக்கொள்வர். 'தங்கள் மின்னஞ்சல் முடக்கப்படும்' என்று அச்சுறுத்தி வரும் இணைப்பைத் திறக்க வேண்டாம். அஞ்சல் வராதிருந்த நாள்களின் வரவு செலவுகளையும் தவறாமல் சரிபார்க்கவும். தாங்கள் அறியாத பற்று இருப்பின், உடனே எங்களுக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவிக்கவும். புகார் தாமதமாகும் அளவுக்கு இழப்பு தங்கள்மீதே விழக்கூடும்.