சதுரங்கப் பலகையில் ஒரு பேரெண்

சதுரங்கத்தைக் கண்டுபிடித்த அறிஞர், பரிசாக நெல்மணி கேட்ட கதையை நாம் அனைவரும் அறிவோம். முதற் கட்டத்திற்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்ததற்கு நான்கு என இரட்டித்துக்கொண்டே போனால், 64 கட்டங்களுக்கும் சேரும் மணிகள் 2⁶⁴ − 1. அதாவது 18446744073709551615. ஏறத்தாழ ஓர் இலட்சத்து எண்பத்து நான்காயிரம் கோடி கோடி! கதை இங்கே முடிகிறது. கணிதமோ இங்கேதான் தொடங்குகிறது.

இவ்வெண்ணின் காரணிகள் யாவை? a² − b² = (a + b)(a − b) என்னும் பள்ளிப் பாடமே வழிகாட்டும். 2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1). பின்னதை மீண்டும் மீண்டும் இவ்வாறே பிரித்தால்,

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

எனக் கிடைக்கும். இவற்றுள் முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவது?

இத்தகைய எண்களை 17ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்தவர் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா. 2 + 1, 2² + 1, 2⁴ + 1, 2⁸ + 1, 2¹⁶ + 1 ஆகிய ஐந்தும் பகா எண்களாய் இருக்கக் கண்ட அவர், இவ்வரிசையில் வரும் எல்லா எண்களுமே பகா எண்கள் என்று நம்பினார். ஆனால் 1732இல் ஆய்லர், 4294967297 என்பது 641ஆல் வகுபடும் என்று காட்டினார்.

641ஐ அவர் எப்படிப் பிடித்தார்? 65536க்குட்பட்ட பகா எண்கள் 6542. அத்தனையையும் சோதிக்க வேண்டியதில்லை. இவ்வெண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அது 64k + 1 என்னும் வடிவில்தான் இருக்க முடியும். அவ்வடிவிலுள்ள பகா எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவது முயற்சியிலேயே விடை!

வகுத்துப் பார்க்காமலும் இதனை நிறுவலாம். 641 = 5 × 2⁷ + 1. எனவே 641ஆல் வகுக்க, 5 × 2⁷ தரும் மீதி −1. நான்காம் அடுக்கிற்கு உயர்த்தினால், 5⁴ × 2²⁸ தரும் மீதி 1. மேலும் 641 = 5⁴ + 2⁴ ஆதலின், மீதியைப் பொறுத்தவரை 5⁴க்குப் பதில் −2⁴ எனலாம். ஆகவே −2³² தரும் மீதி 1. அப்படியானால் 2³² + 1 மீதியின்றி வகுபட்டே தீரும். ஈவு 6700417, அதுவும் பகா எண்ணே.

ஆக, நெல்மணிகளின் எண்ணிக்கைக்கு வெவ்வேறான ஏழு பகாக் காரணிகள் உள்ளன. எனவே அதன் வகுஎண்கள் 2⁷, அதாவது 128.

ஃபெர்மாவின் வரிசையில் அந்த ஐந்தைத் தவிர வேறொரு பகா எண் இதுவரை அகப்படவில்லை. இனி அகப்படாது என்று யாரும் நிறுவவும் இல்லை. ஐந்து சான்றுகள் மேதையையும் ஏமாற்றக்கூடும். ஒரு நிரூபணம் எவரையும் ஏமாற்றுவதில்லை. நண்பர்களே, கணிதத்தில் "எப்போதும்" என்று எழுதுமுன் நிரூபணத்தைத் தேடுவோம்.